மேசையில் விட்ட இரண்டு வெள்ளி

ஈப்போ நகரின் லிட்டில் இந்தியா, ஜாலான் லஹாட் சாலை. மதியம் இரண்டு மணி. வாழை இலைச் சாப்பாட்டை முடித்து, இலையை மடித்து, கல்லாவில் பணம் கட்டிவிட்டு வெளியே வந்தேன். பத்தடி நடந்திருப்பேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"தம்பி... தம்பி, நில்லுங்க."

எனக்குப் பரிமாறிய அக்கா. அறுபது வயதைத் தாண்டியவர். வேக வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் இரண்டு ஒரு வெள்ளி நோட்டுகள்.

"காச மேசையிலேயே மறந்துட்டுப் போறீங்க."

"மறக்கலக்கா. உங்களுக்காகத்தான் வெச்சேன்."

முகத்திலிருந்த சிரிப்பு சட்டென்று நின்றது. கோபம் என்று சொல்ல முடியாது. என் கையைப் பிடித்து நோட்டுகளை உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"சம்பளம் வாங்கிட்டுத்தான் தம்பி வேலை செய்றேன். இலைய உள்பக்கமா மடிச்சிட்டு எந்திரிச்சீங்கல்ல, அது போதும்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நடுத்தெருவில் இரண்டு வெள்ளியோடு நின்றேன். மலேசிய ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் இன்றும் 'வெள்ளி' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு வெள்ளி நம் பணத்தில் இருபது ரூபாய்க்குச் சற்றுக் கூட. நம்மூரில் ஒரு சாப்பாட்டுக்கு நாற்பது ரூபாய் டிப்ஸ் வைத்தால் பரிமாறுபவர் மறுமுறை நம்மை வாசலிலேயே வரவேற்பார். இங்கே ஏன் துரத்தி வந்து திருப்பிக் கொடுக்கிறார்கள்? இந்தக் கேள்வியோடுதான் ஈப்போவில் என் நான்கு நாட்களும் கழிந்தன.

பில்லுக்குள் என்ன இருக்கிறது?

கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். மின்ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ வந்துவிடலாம். 'ஈப்போவின் தாஜ்மகால்' என்று பெயர் வாங்கிய வெள்ளை நிற ரயில் நிலையம், சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள், நடுவே ஓடும் கிந்தா ஆறு. ஒரு காலத்தில் ஈயச் சுரங்கம் கொழித்த ஊர். இப்போது சாப்பாட்டுக்காகவே கூட்டம் வருகிறது. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் முப்பது நாள் விசா விலக்கு வந்த பிறகு, நம் ஊர்க்காரர்களும் அதிகம் கண்ணில் படுகிறார்கள். ஆகவே சாப்பிட்ட இடத்தில் எவ்வளவு வைப்பது என்ற கணக்கைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஈப்போவின் பழைய நகர்ப் பகுதியில் சீனர்களின் காப்பிக் கடைகள் வரிசையாக உண்டு. மார்ஜரின் சேர்த்து வறுத்த கொட்டையில் இறக்கி, கெட்டிப்பால் ஊற்றித் தரும் 'வெள்ளைக் காப்பி' பிறந்த ஊர் இது. அந்தக் கடைகளில் உட்கார்ந்து பார்த்தால் டிப்ஸ் வைக்க இடமே இல்லை என்பது புரியும். காப்பி, தேநீர் விற்பவர் கடைக்காரர். அவரிடம் வாடகைக்கு இடம் பிடித்து ஒருவர் நூடுல்ஸ் போடுவார், இன்னொருவர் கோழிச்சோறு. மேசைக்குத் தட்டு வந்ததும் அவரவர் காசை அவரவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரே மேசையில் மூன்று பேருக்குத் தனித்தனியாகப் பணம் கொடுத்தேன். மூவருமே முதலாளிகள். முதலாளிக்கு யார் டிப்ஸ் வைப்பார்கள்?

தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் 'மாமாக்' கடைகளில் வேறு முறை. 'மாமா' என்ற நம் சொல்தான் அங்கே மாமாக் ஆகியிருக்கிறது. உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "தண்ணி என்ன குடிக்கிறீங்க?" பதறிவிடாதீர்கள். அங்கே தண்ணி என்றால் தேநீர், காப்பி, மைலோ, பழச்சாறு எல்லாம்தான். சாப்பிட்ட பிறகு கல்லாவில் போய்ப் பணம் கட்ட வேண்டும். ஒரு காசு நாணயத்தை 2008 ஏப்ரலில் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டதால், கணக்கை ஐந்து காசுக்கு முழுமையாக்கி, மீதியை எண்ணிக் கையில் கொடுத்துவிடுவார்கள். 'சில்லறை இல்லை, மிட்டாய் வாங்கிக்கோங்க' என்ற பேச்சை அந்த நான்கு நாட்களில் நான் கேட்கவில்லை.

பெரிய ஓட்டல்களிலும் ஏ.சி. உணவகங்களிலும் மட்டும் விலைப்பட்டியலின் அடியில் இரண்டு கூட்டல் குறிகள் தெரியும். ஒரு கூட்டல், உணவகம் எடுக்கும் 10 சதவீத சேவைக் கட்டணம். இன்னொரு கூட்டல், அரசுக்குப் போகும் 6 சதவீத சேவை வரி. ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் வெள்ளிக்கு மேல் விற்பனையாகும் கடைகளுக்கே இந்த வரி. ஆக, நூறு வெள்ளிக்குச் சாப்பிட்டால் நூற்றுப் பதினாறு வெள்ளியை ஒட்டி பில் வரும். அதற்கு மேல் டிப்ஸ் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அந்தப் பத்து சதவீதம் யாருக்குப் போகிறது என்பது அங்கே பெரிய வழக்காகவே நடந்திருக்கிறது. தொழிலாளர்களுக்குப் பிரித்துத் தர வேண்டிய சேவைக் கட்டணத்தை எடுத்து, அதையே குறைந்தபட்ச ஊதியத்தின் ஒரு பகுதியாகக் கணக்குக் காட்டலாமா என்பதுதான் ஓட்டல் தொழிலாளர் சங்கத்துக்கும் ஒரு விடுதிக்கும் இடையே வந்த தகராறு. கூடாது என்று 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாடிக்கையாளர் தருவது தனி, முதலாளி தரவேண்டிய சம்பளம் தனி. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளி.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய அரசுச் சட்டப்படி முதலாளி கொடுத்தாக வேண்டிய ரொக்கக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். 1991-இலிருந்து அது மாறவில்லை. அதனால்தான் அங்கே பதினைந்து, இருபது சதவீதம் வைக்காமல் எழுந்தால் முறைக்கிறார்கள். பல மாநிலங்களில் பரிமாறுபவரின் சம்பளத்தில் பாதி நம் சட்டைப் பையில் இருக்கிறது. ஜப்பானில் வைத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நம் நாட்டில், சேவைக் கட்டணத்தை உணவகங்கள் கட்டாயமாக்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொன்னதை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது.

இவ்வளவும் சட்டம், கணக்கு. ஆனால் ஜாலான் லஹாட் அக்காவின் முகம் மாறியதற்கு இவற்றில் பதில் இல்லை.

சுங்கை சிப்புட் சாலை

மறுநாளும் அதே கடைக்குப் போனேன். மேசையில் எதையும் வைக்கவில்லை. அக்கா பழையபடி சிரித்தார். "பசியாறிட்டீங்களா?" என்று ஆரம்பித்துப் பேச்சு வளர்ந்தது. பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், குடும்பம் ஈப்போவின் புந்தோங் பகுதிக்குக் குடியேறியது. "தோட்டம் பாக்கணும்னா எங்கண்ணன் டாக்சி வெச்சிருக்காரு, கூட்டிட்டுப் போவாரு" என்றார்.

அண்ணன் வந்தார். எழுபதை நெருங்கும் மெலிந்த மனிதர். வடக்கே கோலகங்சார் போகும் பழைய சாலையில் அரைமணி நேரத்துக்கு மேல் ஓட்டம். அதே சாலையில் இன்னும் போனால் கோலகங்சாரில், 1877-இல் நட்ட ஒன்பது கன்றுகளில் எஞ்சியதாகச் சொல்லப்படும் முதிய ரப்பர் மரத்தைப் பார்க்கலாம். அந்த ஒன்பது கன்றுகளுக்குப் பின்னால்தான் நம் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காட்டுச் சனங்கள் கப்பலேறினார்கள்.

அண்ணன் வண்டியை ஒரு செம்பனைக் காட்டு ஓரம் நிறுத்தினார். வரிசை வரிசையாக ஒரே உயரத்தில் செம்பனை. நடுவே ஒரு மாரியம்மன் கோயில் மட்டும் வண்ணம் பூசி நிற்கிறது.

"இங்கதான் பெரட்டுக்களம். விடியறதுக்கு முன்னாடி எல்லாரும் வந்து நிக்கணும். பேர் வாசிச்ச பிறகு அவங்கவங்க நிரைக்குப் போகணும். அந்தப் பக்கம் ஆயாக்கொட்டகை. அம்மா மரம் சீவப் போனா எங்கள அங்கதான் விட்டுட்டுப் போவாங்க. பால் எடுத்துக் காண்டா வாளியில தூக்கிட்டு ஸ்டோருக்கு வருவாங்க."

காண்டா வாளி என்பது தோள் கம்பின் இரு முனையிலும் வாளியைத் தொங்கவிட்டுச் சுமப்பது. மாமாக் கடையில் சாப்பிடும் 'நாசி கண்டார்' சோற்றில் இருப்பதும் அதே மலாய்ச் சொல்தான். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு என்று தோளில் சுமந்து விற்ற உணவு அது. பாலைச் சுமந்த கம்பும் சோற்றைச் சுமந்த கம்பும் ஒன்று. நான் இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்து, தன் வலது தோளைத் தட்டிக் காட்டினார்.

தோட்டத்துக் கூலியின் வரலாற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் கூலி எது, கருணை எது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்த கங்காணிக்கு, அன்று எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ அதற்கேற்பத் 'தலைக்காசு'. உழைப்பவருக்கு 1920-களின் இறுதியில் முக்கிய மாவட்டங்களில் நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை சரிந்ததும் அது 40 காசு, 32 காசு என்று இறங்கியது. கூலித் தகராறு முற்றி, 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதையே நிறுத்தியது. இதற்கு நடுவில் துரை மனம் வைத்தால் முன்பணம், பண்டிகைக்கு ஏதாவது இனாம். கூலியைக் குறைத்த கையே இனாமும் கொடுத்தது.

1941-இல் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் தலைமையில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டும் இல்லை. துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று. நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். கூலிக்காக மட்டும் நடந்த சண்டை இல்லை அது.

திரும்பி வரும் வழியில் அண்ணனிடம் அந்த இரண்டு வெள்ளிக் கதையைச் சொன்னேன். "தங்கச்சி சொன்னிச்சு" என்றார். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார்.

"அறுபத்திநாலு, அறுபத்தஞ்சு இருக்கும் தம்பி. தீபாவளி அன்னிக்கு எல்லாரும் துரை பங்களாவுக்குப் போவோம். பெரியவங்க மாலை போடுவாங்க. துரையம்மா மேல நின்னுக்கிட்டு புல்லுல சில்லறை காச வீசும். பிள்ளைங்க விழுந்து பொறுக்கணும். அவங்க கைதட்டிச் சிரிப்பாங்க. நானும் குனிஞ்சேன். அம்மா வந்து முதுகுலயே ஒண்ணு வெச்சாங்க. 'கையில குடுத்தா வாங்கு. கீழ போட்டா எடுக்காத'ன்னாங்க. அதோட அவங்களும் பங்களாவுக்குப் போறத நிறுத்திட்டாங்க, நாங்களும் நிறுத்திட்டோம்."

தண்ணீர் டம்ளருக்கு அடியில் நோட்டை மடித்து வைத்துவிட்டு, யாரும் பார்க்கும் முன்பு எழுந்து வந்தது நினைவுக்கு வந்தது. சத்தம் காட்டாமல் வைப்பதுதான் நாகரிகம் என்று நான் பழகியிருந்தேன். அவர் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கிறது.

சுங்கை சிப்புட் ஊருக்குள் வந்ததும் அண்ணன் வண்டியை மெதுவாக்கினார். துன் வீ.தி.சம்பந்தன் பிறந்த ஊர் இது. 1948 ஜூனில் தோட்டத்து வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயா முழுவதும் அவசரகாலம் வந்ததும் இந்த வட்டாரத்தில் தொடங்கியதுதான். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, குடியிருந்த தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1960-இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய், மரம் சீவுகிறவர்களையே தோட்டத்துக்குப் பங்குதாரர்கள் ஆக்கப் பார்த்தார்.

"எங்கம்மாவும் கட்டுனாங்க, பத்துப் பத்து வெள்ளியா" என்றார் அண்ணன். அதைச் சொல்லும்போது அவர் குரலே வேறாக இருந்தது.

வண்டி வாடகை பேசியது எவ்வளவோ அவ்வளவுதான் வாங்கினார்.

ராமநாதபுரத்துத் தம்பி

இத்துடன் கதை முடிந்திருந்தால், 'மலேசியத் தமிழருக்கு டிப்ஸ் வைக்காதீர்கள்' என்று எழுதிவிட்டு நானும் முடித்திருப்பேன். மூன்றாம் நாள் இரவு குழப்பம் வந்தது.

விடுதிக்குப் பக்கத்தில் இருபத்திநாலு மணி நேரமும் திறந்திருக்கும் ஒரு கடை. தேநீரை உயரத் தூக்கி இழுத்து ஆற்றிக் கொண்டுவந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். என் பேச்சைக் கேட்டதும், "ஊர்ல எங்கண்ணே?" என்றான். அவனுக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். மலேசிய உணவகங்களில் பாத்திரம் கழுவுவதிலிருந்து ரொட்டி சானாய் வீசுவது வரை இப்போது ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பிள்ளைகள் நிறையப் பேர். தோட்டத்துச் சனங்களின் பேரப்பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் போய்விட, அந்த இடத்துக்கு ஊரிலிருந்து புதிய ஆட்கள்.

பன்னிரண்டு மணி நேர வேலை. ஏஜெண்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. தங்கச்சி கல்யாணம் அடுத்த தை. இதையெல்லாம் புலம்பலாகச் சொல்லவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டே ஊர்ச் செய்தி போலச் சொன்னான்.

எழுந்தபோது எனக்குத் தயக்கம். கொடுக்கலாமா? முதல் நாள் பட்ட அடி அப்படி. அவனிடமே கேட்டுவிட்டேன்.

"கொடுங்கண்ணே, அதுல என்ன இருக்கு" என்று சிரித்தான். "கல்லா பக்கத்துல ஒரு டப்பா இருக்கு பாருங்க. அதுல போட்டாலும் சரி. மாசக் கடைசில எல்லாரும் பிரிச்சுக்குவோம். உள்ள பாத்திரம் கழுவுறவருக்கும் சேரும்."

ஐந்து வெள்ளியை அவன் கையில் கொடுத்தேன். அவன் நேரே போய் டப்பாவில் போட்டான்.

அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஒரே ஊர், ஒரே பாஷை, அரைக் கிலோமீட்டருக்குள் இரண்டு கடைகள். ஒருவருக்கு அவமானமாகத் தெரிந்தது இன்னொருவருக்கு ஊருக்கு அனுப்பும் பணமாகத் தெரிகிறது. அக்கா அந்த நாட்டின் பிரஜை. ஓட்டு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது. இரண்டு வெள்ளியை வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு அவர் வந்து சேர மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது. தம்பி இப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கியிருக்கிறான். இவனுக்கு அது விமானம், அவ்வளவுதான் வித்தியாசம். அக்காவின் பாட்டி பெரட்டில் நின்ற இடத்தில் இவன் நிற்கிறான். அவன் சம்பளத்தை என் ஐந்து வெள்ளி ஒருபோதும் சரிசெய்யாது. அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் வேறு. ஆனாலும் டப்பாவில் விழுந்த பணம் அந்த மாதம் அவனுக்கு உதவும் என்பதும் உண்மை.

பெலாஞ்சா

பேராக் பக்கம் போகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கூட்டல் குறி போட்ட உணவகமா, பில்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காப்பிக் கடையா, அந்தந்தக் காசை அப்போதே கொடுத்துவிடுங்கள். கல்லாப் பக்கம் டப்பா இருந்தால், மனமிருந்தால் அதில் போடுங்கள். மேசையில் மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள். கொடுக்கத் தோன்றினால் முகம் பார்த்துக் கேட்டு, கையில் கொடுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அரசு அலுவலகத்திலோ போலீஸ்காரரிடமோ இந்தப் பெருந்தன்மையைக் காட்டவே கூடாது. 'காப்பிக் காசு' என்றால் அங்கே லஞ்சம் என்று பொருள்.

இதையெல்லாம்விட நல்ல வழி ஒன்று அவர்களிடமே இருக்கிறது. 'பெலாஞ்சா'. மலாய்ச் சொல். செலவு என்று அர்த்தம். "இன்னிக்கு நான் பெலாஞ்சா" என்றால், இன்றைக்கு உனக்கு என் செலவில் சாப்பாடு. தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோரும் சொல்லும் வார்த்தை.

கடைசி நாள் மதியம் ஜாலான் லஹாட் கடைக்குப் போனேன். கூட்டம் ஓய்ந்து, அக்காவின் வேலை முடியும் நேரம். சாப்பிட்டு, இலையை உள்பக்கமாக மடித்துவிட்டு, "அக்கா, சாயங்காலம் ரயிலு. உக்காருங்க, ஒரு தண்ணி குடிங்க. நான் பெலாஞ்சா" என்றேன்.

வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். எதிரே உட்கார்ந்தார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஒரு மைலோ ஐஸ், ஒரு தே தாரிக். தம்பி கணக்கு!"

அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு முறை வந்திருக்கிறார், பழனிக்கு. தாத்தா எந்த ஊர் என்று தெரியாது. நாமக்கல் பக்கம் என்று அம்மா சொன்ன ஞாபகம். அந்தப் பக்கம் பேருந்து போகும்போது சன்னல் வழியே பார்த்துக்கொண்டே போனாராம்.

மைலோவுக்கும் தேநீருக்கும் நான்தான் பணம் கட்டினேன். அவர் கல்லா வரைக்கும் கூட வந்தார். மீதிச் சில்லறையை எண்ணி நான் பையில் போடும்வரை நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அடுத்த வாட்டி வாங்க தம்பி. அடுத்தது நான் பெலாஞ்சா."